மார்கழியில் வாசல் கழுவியது

மொன்றியலில் அந்தக் காலத்தில் இருந்த நம் ஆட்கள் எல்லாம் டாக்டர்கள், பேராசிரியர்கள், இன்ஜினியர்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கப்பலில் வெல்டராக வந்து, துறைமுகத்துப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். ஆனாலும் அவர்களில் பாதிப் பேர் வாடகை அபார்ட்மெண்டில் இருந்தபோதே நான் ஆற்றுக்கு அக்கரைப் புறநகரான புரோசார்டில் சொந்த வீடு வாங்கிவிட்டேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. உழைத்தவன் சொல்லிக்கொள்ளலாம்.

வீடு என்றால் சும்மா வீடு இல்லை. முன்னால் புல்தரை, பக்கத்தில் கார் நிறுத்த இடம், பேஸ்மெண்டில் துணி துவைக்கும் மெஷின். எல்லாவற்றிலும் எனக்குப் பெருமை வெந்நீர்க் குழாய்தான். விறகு வேண்டாம், அண்டா வேண்டாம், திருகினால் ஆவி பறக்கக் கொட்டும். வீடு பார்க்க வந்தவர்களை முதலில் குளியலறைக்குத்தான் கூட்டிப்போவேன். ஒரு டாக்டர், “எங்க அபார்ட்மெண்ட்லயும் வருதே சார்” என்றார்.

“வாடகை வீட்டுத் தண்ணி வேற, டாக்டர்” என்றேன்.

என் மனைவிக்கு அந்த வீட்டில் ஒரே குறை, பேச ஆள் இல்லாதது. தெருவில் ஒருவரும் நடக்க மாட்டார்கள். கடைக்குப் போகக் கார் வேண்டும். காரை நான் விடியும்போதே பாலம் தாண்டித் துறைமுகத்துக்கு எடுத்துப் போய்விடுவேன். அவளுக்கு வாய்த்த ஒரே துணை பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பிரெஞ்சுக்கார அம்மாள், எழுபதை நெருங்கிய விதவை. வியாழக்கிழமை தோறும் இவளைத் தன் காரில் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போவார். இவளுக்குப் பிரெஞ்சு வராது, அவருக்குத் தமிழ் வராது. இருந்தும் எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து இருவரும் மணிக்கணக்கில் என்ன பேசிச் சிரித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வீட்டில் முதல் மார்கழி. ஒரு வியாழக்கிழமை எனக்கு விடுமுறை.

“ஏங்க, வாசல்ல சும்மா ரெண்டு சொட்டு தெளிச்சிட்டு வாங்க. மாசம் பொறந்திருக்கு” என்றாள்.

“ரெண்டு சொட்டா? சொந்த வீட்டு வாசலுக்கா?”

“வெளியில எப்படிக் குளிருது பாருங்க. உறைஞ்சிடும்.”

“பச்சைத் தண்ணிதான் உறையும். நம்ம வீட்ல எதுக்கு வெந்நீர் வருது?”

இரண்டு வாளி பிடித்து, வாசலின் மூன்று சிமெண்ட் படிகளையும் தேய்த்துக் கழுவினேன். ஆவி புகை மாதிரி எழுந்தது. கொஞ்ச நேரத்தில் படி கண்ணாடியாகப் பளபளத்தது. நன்றாகக் கழுவியிருக்கிறோம் என்ற திருப்தியில் உள்ளே போய்க் காப்பி குடித்தேன்.

அப்போதுதான் கடைக்குக் கூப்பிட அந்தம்மா வந்தார். ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார், வலது கையை மடியில் பிடித்துக்கொண்டு. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு.

சனிக்கிழமை ஊரின் மறுகோடியான லவாலில் இருந்து அவருடைய மகன் வந்தான். கஞ்சி கொடுக்கப் போயிருந்த என் மனைவி அரை மணியில் திரும்பி வந்தாள்.

“பொட்டி கட்டறாருங்க. லவால், லவால்னே சொல்றாரு. அந்தம்மா அழுவறாங்க. அவங்களும் போயிட்டா நான் இங்க யார் முகத்தைப் பார்த்துட்டு இருக்கறது?”

இருவரும் போனோம். என் பிரெஞ்சு துறைமுகத்தில் திட்டு வாங்கியே கற்றது. வகுப்பில் படித்தவர்கள் பேசுவதைவிட நன்றாகவே இருக்கும். என்ன விஷயம் என்று மகனைக் கேட்டேன்.

“சொந்த வீட்டுப் படியிலயே தடுக்கி விழறாங்க. இனிமே இவங்களை எப்படித் தனியா விடறது?” என்றான்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், தன் வீட்டுப் படியில் விழுந்ததாக அந்தம்மா மகனிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யே அவரை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறது. அப்போதும் அவர் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று தலையை அசைத்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் கெடாது. தப்பு என்னுடையது என்று நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஃபோர்மேனிடம்கூட. பக்கத்தில் என் மனைவி திறந்திருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“விழுந்தது இங்க இல்ல, எங்க வீட்டுப் படியில” என்றேன். “தண்ணி ஊத்தினது நான்.”

“டிசம்பர்லயா?”

“எங்க வழக்கம். இந்த மாசம் காலையில வாசல் கழுவணும்.”

“டிசம்பர்லயா?” என்றான் மறுபடி.

“வெந்நீர்” என்றேன்.

அந்தம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. “பார்த்தியா, என் கால் நல்லாத்தான் இருக்கு” என்றார் மகனிடம்.

அவன் சிரிக்கவில்லை. கட்டு பிரிக்கும்வரை யார் சமைப்பது, கோட்டுக்கு யார் பொத்தான் போட்டுவிடுவது என்று கேட்டான். என் மனைவிக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அவள் அதற்குள் பெட்டியில் இருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கத் தொடங்கியிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு தன் சாவி வளையத்திலிருந்து அம்மா வீட்டு வாசல் சாவியைக் கழற்றினான். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப்போய் அவள் கையில் கொடுத்தான்.

நீட்டிய கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, இரண்டு வீட்டுப் படிகளிலும் ஐஸ் கட்டாமல் இருக்கக் கொட்ட உப்பு வாங்கக் கிளம்பினேன்.