புத்தகம் போட்ட பிறகு வந்த நோய்

முதலில் வாய் செத்துப்போனது. தேத்தண்ணி, ரொட்டி, சம்பல் எதிலும் ருசி இல்லை. பிறகு தூக்கம் போனது. கடைசியில் நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்தவள் நான். நெஞ்சில் சுமந்து பழக்கமில்லை.

என் புத்தகம் அச்சாகி வந்த சமயம் அது. எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, பிள்ளை வளர்த்த கதை. எழுத்துக் கூட்டித்தான் நான் வாசிப்பேன், எழுதுவேன். ஆனாலும் ஒரு வரிகூட அடுத்தவர் எழுதித் தரவில்லை. மருமகள் செல்வி கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு தட்டில் வைத்து நீட்டினேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. தண்ணி பிடிக்கும் பீலியில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அவ்வளவு மோசமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது, என் மனம் நோகக் கூடாதென்று பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். மிச்சப் புத்தகங்களை அடுப்பில் வைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். செல்வி அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, என்னை மாத்தளைக்கு அழைத்துப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. (நெஞ்சுத் துடிப்பைக் கோடாக வரைந்து பார்ப்பது) எடுத்தார்கள். நெஞ்சில் குறை இல்லை. செல்விதான் புத்தக விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மா, புத்தகம் சரியில்லைன்னு யாரு சொன்னாங்க?”

“ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலைங்க டாக்டர். அதுதானே வருத்தம்!”

“நீங்க கேட்டீங்களா?”

“நானா போய்க் கேக்குறதா? எனக்குன்னு ஒரு மரியாத இல்லையா?”

அவர் சிரிக்கவில்லை. இது மனச்சோர்வு நோய் (மனசு களைத்து, உடம்பையும் கூட இழுத்துக்கொண்டு படுத்துவிடுவது), மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார். “கொஞ்சம் தெம்பு வந்ததும் ஒருத்தர்கிட்டயாவது கேளுங்க” என்றும் சொன்னார்.

மாத்திரையில் நாக்கு உலர்ந்தது. நிறுத்தப் பார்த்தேன், செல்வி விடவில்லை. நீங்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தூக்கம் கொஞ்சம் திரும்பியதும் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராஜம்மாவிடம் போனேன்.

“என் புத்தகத்த என்னடி செஞ்ச?”

“என்னக்கா இப்படிக் கேக்குறீங்க! மாரியாத்தா படத்துக்கிட்ட வச்சு, வெள்ளிக்கெழமையானா பூப் போடுறேன்.”

“படிக்கலையா?”

“குங்குமத்தோட குடுத்தத அடுப்படிக் கையோட தொடலாமா?”

“அது என்ன தேவாரமாடி?”

“அட்டையில நீங்க சாமி மாதிரிதானே உக்காந்திருக்கீங்க!”

லயம் முழுக்க இதே கதைதான். ஒரு வீட்டிலும் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். ராஜம்மா வீட்டுச் சாமி தட்டிலிருந்த புத்தகத்தை எடுத்து, குங்குமத்தைத் தட்டிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை; ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

“ஐயோ, எங்க மாமியாள எழுதியிருக்கீங்களே! செத்தும் என்னைய விடாது போல!” என்று ராஜம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் குழந்தை பசியோடு கிடக்க, மலையில் கொழுந்து பறிக்கையில் பால் கட்டி என் ரவிக்கை நனைந்த இடம் வந்தது. ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்கு வலிக்கவில்லை.

“நிப்பாட்டாதீங்கக்கா, மேல வாசிங்க” என்றாள் ஒருத்தி.

புத்தகம் போடப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் கொஞ்சமாக அச்சடியுங்கள். அச்சுக்குப் போகும் முன் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்; நாக்கு தடுக்கும் இடத்தைத் திருத்துங்கள். புத்தகத்தைக் கொடுக்கும்போது ஒரு பக்கத்தையாவது பிரித்து வாசித்துக் காட்டுங்கள். யாரும் பேசாவிட்டால் போய்க் கேளுங்கள், மரியாதை குறையாது. பசியும் தூக்கமும் போய்விட்டால் டாக்டரிடம் போங்கள்.

கிளினிக்கில் இப்போது மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊரான இரத்தோட்டையிலிருந்தும் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். வேலைக்குப் போன காலத்தில் நாள் என்னைத் துரத்தியது. நோயில் நகராமல் கிடந்தது. இப்போது நான் வாசிக்கும் வேகத்தில்தான் அது நடக்கிறது. மூச்சு வாங்கினால் நிறுத்துகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், விரலை அடுத்த வரியில் வைக்கிறேன். கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல் இது. அது நகரும் வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள்.