வீட்டுக்கு முளை அடித்த ஞாயிறு

கல்யாணமாகி நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் வந்தபோது எனக்குக் கிடைத்தது அரை அறை. மீதி அரையில் மாமனார், மாமியார், நாத்தனார். நடுவில் மாமியாரின் பழைய சேலை ஒன்று கயிற்றில் தொங்கியது. அதுதான் சுவர், அதுதான் கதவு. நான் உடுப்பு மாற்றுகிற நேரம் பார்த்துத்தான் காற்றும் அடிக்கும்.

தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுதான் லயம். எங்களுடையது இரட்டை லயம். முன்பக்கம் ஒரு வரிசை அறைகள், பின்பக்கம் ஒரு வரிசை, இரண்டுக்கும் பொதுவாக ஒரே முதுகுச் சுவர். அந்தச் சுவரும் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறாயுசு" என்பார்கள். நானும் என் வீட்டுக்காரரும் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் மலைக்கு வேலைக்குப் போகிற வழியில்தான் பேசிக்கொள்வோம். ரோட்டிலேயே குடித்தனம் நடத்தியவள் நான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, சாத்திக்கொள்ள ஒரு கதவு.

அந்த வருஷத்து மழையில் லயத்தின் ஒரு முனையில் சுவர்கள் வெடித்துவிட்டன. அங்கே இருந்த எட்டுக் குடும்பங்களுக்கும் ஆற்றோரத்துத் துண்டு நிலத்தில் புதிதாகக் கட்டித் தருவார்கள் என்றார்கள். எட்டில் நாங்களும் ஒன்று. தோட்டத்துத் துரைக்குக் கீழே வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பிளானைக் கொண்டுவந்து காட்டும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்தால் அதே இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய எட்டு அறைகள், குடும்பத்துக்கு ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதையே திரும்பக் கட்டுறதுக்கு, பழசையே பூசி விட்டுரலாமேங்க" என்றேன்.

"எடம் அவ்வளவுதாம்மா. எட்டு வீட்ட வேற எப்பிடி அடுக்குறது? திங்கக்கெழம தொரை எடத்தப் பாக்க வர்றாரு. வேற மாதிரி கட்ட முடியும்னா அவருகிட்டயே காட்டிக்க."

என் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்களில் யாருக்கும் பிளான் போடத் தெரியாது. என் வீட்டுக்காரர் தேயிலைக் கன்று நடுகிற மலையில் முளை அடிக்கிறவர். கயிறு பிடித்து அளந்து, கன்று வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு குச்சியை அடித்துக்கொண்டே போவார். பின்னால் வருகிற ஆட்கள் குச்சி நிற்கும் இடத்தில் குழி வெட்டுவார்கள். "காயிதம் எதுக்கு? தரையிலயே வீட்டப் போட்டுருவோம்" என்றார். கட்டிக்கொண்டவரை அன்றைக்குத்தான் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஞாயிறு காலை எட்டுக் குடும்பமும் அங்கே கூடிவிட்டோம். நான்கு வீடு இந்தப் பக்கம், நான்கு வீடு அந்தப் பக்கம், முகம் பார்த்தபடி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம், அதில் தண்ணீர்க் குழாய். அடுப்புகளை அறைக்குள்ளிருந்து கிளப்பி, இரண்டு வீட்டுக்கு ஒரு சமையற்கட்டாகப் பின்னால் தள்ளினோம். அடுப்பும் விறகும் தின்றுகொண்டிருந்த இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சின்னதாக இன்னோர் அறை கிடைத்தது. "எங் கொழம்ப எவளும் எட்டிப் பாக்கக் கூடாது" என்று மாமியார் மல்லுக்கு நின்றார். சரியென்று சமையற்கட்டின் நடுவிலும் ஒரு வரிசை குச்சி அடித்தோம்.

கயிறும் குச்சியும்தான் இருந்தன. ஆனால் கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் அது வீடாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் தன் அறையில் நீட்டிப் படுத்து, கால் இடிக்கிறதா என்று பார்த்தார். "சொவருக்குள்ள பூந்து வர்றியே, வாசப்படி அங்கிட்டு இருக்கு" என்று என் நாத்தனாரை ஒருத்தி விரட்டினாள். மத்தியானம் மாமியார் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து, வாசல் வழியாக வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்தார். அவ்வளவு சிரித்து நான் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததில்லை.

திங்கட்கிழமை நான் மேல்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகக் கீழே பார்த்தேன். என் வீடு முழுக்கக் குழி. குழி வெட்டும் ஆட்கள் காலையில் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள். முளை நின்றிருக்கிறது, அதுவும் என் வீட்டுக்காரர் கைமுளை. யாரையும் கேட்காமல் முளைக்கு ஒன்றாக வெட்டித் தள்ளிவிட்டார்கள். துரையும் கண்டாக்கு ஐயாவும் அப்போதுதான் அங்கே வந்து நின்றார்கள். கூடையோடு இறங்கி ஓடினேன்.

"யார் சொன்னது இங்கே தேயிலை போட?" என்று துரை தனக்குத் தெரிந்த தமிழில் கத்திக்கொண்டிருந்தார். கண்டாக்கு ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"தேயிலை இல்லீங்க தொரை, வீடுங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "அதே எடந்தாங்க. எட்டு வீடு, வீட்டுக்கு ரெண்டு அறை."

துரை குழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார். முதல் வீட்டுக்குள் போனார், சின்ன அறையில் நின்றார், அங்கிருந்து நேரே அடுத்த வீட்டுக்குக் காலை எடுத்து வைத்தார். துரையைப் பார்க்கவென்றே வந்து உட்கார்ந்திருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"தொரை, அது சொவருங்க. அங்கிட்டு வாசப்படி இருக்கு."

கண்டாக்கு ஐயா கண்ணை மூடிக்கொண்டார். துரை தன் காலைக் குனிந்து பார்த்தார். பின்வாங்கி, சுற்றிக்கொண்டு, இரண்டு குழிகளுக்கு நடுவில் இருந்த வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குள் போனார். வீடு எங்களுக்குத்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"குழி மூட வேணாம்" என்று கண்டாக்கு ஐயாவிடம் சொன்னார். "கம்பம் போடு."

தை பிறந்ததும் குடிபோனோம். சமையற்கட்டுக்குத் தகரம் வந்துசேரவில்லை. ஒரு வீட்டின் சன்னல் சற்றுச் சாய்வாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சின்ன அறை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் என்று முடிவாயிற்று. சாமான்களை இறக்கிவைத்ததும் முதல் வேலையாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். திறந்தேன், மறுபடி சாத்தினேன். தனியாக நின்று சிரித்தேன்.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். மாமியார்.

"ஏத்தா, ஒருதரம் நானும் சாத்திப் பாக்கட்டுமா?"

நான்கு பிள்ளைகளைச் சேலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பெற்று வளர்த்தவர். நான் வெளியே வந்தேன். அவர் உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். உலை கொதித்து, சோறு வெந்து, நான் வடித்து இறக்கும்வரை கதவு திறக்கவில்லை. நான் தட்டவில்லை.