இரும்பு தட்டிய எனெலெசி

எங்கள் பக்கத்துப் பெண்கள் மக்காச்சோள வாளியைத் தலையில் ஏற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்பார்கள். மலாவியில் எந்த மூலைக்குப் போனாலும் இந்தப் பழக்கம் உண்டு. எங்களுக்குச் சந்தையோரத்தில் பிஸ்வெக் என்பவரின் டீசல் மாவு மில். அதன் புகைக்குழாய் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்திருப்பார் அந்த மனுஷன். இன்ஜின் ஓடினால் டப்பா 'டக்குடக்கு டக்குடக்கு' என்று அலறும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலையடியில் இருக்கும் ஊர்களுக்கும் கேட்கும். சத்தம் கேட்டால் கிளம்பலாம். கேட்கவில்லை என்றால் டீசல் இல்லை, அல்லது பெல்ட் அறுந்துவிட்டது, அல்லது பிஸ்வெக் எங்கேயோ கல்யாண வீட்டில் குடித்துவிட்டுக் கிடக்கிறார். வெறுமனே போய் வெறுமனே திரும்ப யாருக்குக் கழுத்து இருக்கிறது?

எனெலெசியும் அப்படிக் காது வைத்தே வளர்ந்தவள்தான். புருஷன் தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். மூன்று பிள்ளைகளையும் ஒரு துண்டு நிலத்தையும் வைத்துக்கொண்டு இவள் ஓட்டினாள். வாய் நீளம், நடை வேகம், சிரித்தால் தோப்பே திரும்பிப் பார்க்கும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை நடுவழியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். முதுகில் கடைக்குட்டி, தலையில் வாளி, தூரத்தில் மில் சத்தம். பாதி வழியில் மாமரத்தடிப் பாறை வரைக்கும் வந்திருப்பாள். சத்தம் நின்றுபோனது. சரி, மறுபடியும் போடுவார் என்று பாறையில் உட்கார்ந்து பார்த்தாள். போடவில்லை. அன்றைக்கு வீட்டில் களி கிண்ட மாவு இல்லை. பிள்ளைகள் அவித்த பூசணியைத் தின்றுவிட்டுப் படுத்தன. அந்த ஆத்திரம் அவளுக்குள் அப்படியே தங்கிவிட்டது.

அதனால்தான், வெயிலில் ஓடும் மாவு மில் வைத்துத் தருகிறோம் என்று தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஒரு கம்பெனிக்காரம்மா வந்து கூட்டம் போட்டபோது, எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, எனெலெசி மட்டும் எழுந்து நின்றாள். "நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தம்மா ஒரு நிபந்தனை சொன்னார். அடுத்த மழைக்காலத்துக்குள் மில் நன்றாக ஓட வேண்டும். ஆள் வராமல் சும்மா கிடந்தால், வரிசையில் காத்திருக்கும் வேறு ஊருக்குக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். "ஆள் வராம எங்கம்மா போவாங்க? வரலேன்னா நானே கழட்டி வண்டியில ஏத்தறேன்" என்று ஊர் முன்னால் சொல்லிவிட்டாள் இவள். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

மில் வந்தது. கூரை மேல் சோலார் பலகைகள், உள்ளே புது மெஷின். டீசல் இல்லை, புகை இல்லை. மாவு பூவாட்டம் விழுந்தது. ஆனால் மெஷின் சத்தம் எதிர் வீட்டுக்குக் கேட்டாலே அதிகம். எங்கள் கரையில் வீடுகள் கொஞ்சம்; சோளமும் ஜனமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். அங்கே ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் காற்றுச் சத்தம்தான் கேட்கும். 'அந்தச் சோலார் மில்லா? அது எப்பப் பாத்தாலும் மூடித்தான் கிடக்கு' என்று பேச்சு பரவிவிட்டது. சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் எனெலெசி தொண்டை வறளச் சொன்னாள். தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழையபடி காது வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் ஈ ஓட்டினாள். வாளி இறக்கி ஏற்ற உதவுகிறேன் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு பிஸ்வெக் ஒருநாள் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தார், வேவு பார்க்கத்தான்.

"என்ன தங்கச்சி, உன் மெஷினுக்கு வாய் இல்லையா? ஊமைப் பொண்ணை எவன் கட்டுவான்?"

"உங்க மெஷினுக்கு வாய் மட்டும்தாண்ணே இருக்கு. வயிறு எப்பவும் காலி."

சிரித்துக்கொண்டுதான் போனார். ஆனால் அவர் போன பிறகு எனெலெசிக்கு முகம் சுண்டிப்போனது. மாமரங்கள் பூத்துவிட்டன. மழை வர ரொம்ப நாள் இல்லை. ஊர் முன்னால் சொன்ன வாய்க்குப் பலகைகளைத் தன் கையாலேயே கழற்ற வேண்டிவரும்.

சத்தம்தானே வேண்டும்? எழுப்பிக் காட்டுகிறேன் என்று கிளம்பினாள். ஒரு பழைய லாரிச் சக்கரத்து இரும்பு வளையத்தை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து மில் வாசல் மரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை அடிப்பதும் இதே மாதிரி வளையம்தான். வாரநாளில் இரும்பு அடித்தால் அது சாவு. எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சாவுக்கு ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து அடிப்பார்கள். நான் கல்யாண மேளம் மாதிரி தடதடவென்று அடித்தால் யார் சாவென்று நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டாள். வெயில் நன்றாக ஏறியதும் சம்மட்டியை எடுத்து அடித்துத் தள்ளினாள்.

கிட்டே நின்றவர்களுக்கு அது கல்யாணம்தான். ஆற்றைத் தாண்டி, மலையில் மோதித் திரும்பும்போது தாளமெல்லாம் கரைந்துபோய் 'டாங்ங்... டாங்ங்...' என்று ஒரே இழுப்பாகத்தான் அந்தப் பக்கம் போய் விழுந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஆற்று மணலில் ஜனம் தெரிந்தது. எனெலெசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'பாருங்கடி, வர்றாங்க!' என்று கூவிக்கொண்டே உள்ளே ஓடி மெஷினைப் போட்டாள். வெளியே வந்து பார்த்தால், வருகிற பெண்கள் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சில பேர் தலையில் விறகு. சில பேர் கையில் தட்டு, தட்டில் மாவு. சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற மாவு! முன்னால் வந்தவள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். கூட்டத்துக்குப் பின்னால் பிஸ்வெக், சைக்கிளைப் போட்டுவிட்டு, "அய்யோ தங்கச்சி, என்கூட மல்லுக்கட்ட இனிமே யாரு இருக்கா!" என்று மாரில் அடித்துக்கொண்டு வருகிறார். மில் வாசலிலிருந்து சத்தம் வந்ததால் இவள்தான் செத்துவிட்டாள் என்று முடிவு கட்டியிருக்கிறார் அவர்.

அவளைக் கண்டதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"யாருடி போயிட்டா?" என்று கேட்டாள் லோசிட்டாலா. அக்கரையின் பெரிய வாய்க்காரி.

"யாரும் போகலக்கா... மில் திறந்திருக்குன்னு சொல்லத்தான்..."

உள்ளே மெஷின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அப்புறம் லோசிட்டாலா வெளுத்து வாங்கினாள் பாருங்கள்! "பானையைச் சுரண்டிக் கடைசி மாவை எடுத்துக்கிட்டு ஓடியாந்தேன்டி! எங்க அண்ணன் இந்தக் கரையிலதான் இருக்கான். அவனோன்னு நெனச்சு ஆத்துல ரெண்டு தடவ விழுந்தேன். நீ மாவு அரைக்கக் கூப்பிட்டியா?" எனெலெசிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவமானத்தில் தரை பிளக்காதா என்றிருந்தது.

விஷயம் ஊர்த்தலைவி நாங்கோசோவிடம் போனது. சாகாத வீட்டுக்குச் சாவு மணி அடிப்பது சின்னத் தப்பு இல்லை. ஓர் ஆடு அபராதம். எனெலெசியிடம் ஆடு இல்லை. தலைவி வந்திருந்த பெண்களைக் காட்டிச் சொன்னார்.

"கூப்பிட்டது நீ. வந்தவங்க கையில இருந்த மாவையும் எடுத்துட்டு வந்தாங்க. நாளைக்கு இவங்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாளி சும்மா அரைச்சுக் குடு. இனிமே அந்த இரும்பைத் தொட்டே, நான் ஆட்டைக் கேக்க மாட்டேன், மாட்டைத்தான் கேப்பேன்."

மறுநாள் வந்தார்கள். கோபத்தோடுதான் வந்தார்கள், ஆனாலும் இலவசம் இல்லையா, பெரிய பெரிய வாளியாகப் பார்த்து எடுத்து வந்தார்கள். எனெலெசி தலை நிமிராமல் அரைத்தாள். மாவைக் கையில் எடுத்து மோந்து பார்த்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டீசல் வாடை இல்லை.

லோசிட்டாலாவின் முறை வந்தது. பாதி அரைபடும்போது சூரியனை ஒரு மேகம் மறைத்தது. மெஷின் முனகி முனகி நின்றது. "அதானே பாத்தேன்!" என்றாள் லோசிட்டாலா. எனெலெசி காத்திருந்தாள். மேகம் நகர்ந்தது. தரையில் வெயில் விழுந்தது. மெஷின் தானாக எழுந்து சுற்றியது. லோசிட்டாலா மெஷினைப் பார்த்தாள், வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள், மறுபடியும் உள்ளே வந்தாள்.

"ஏண்டி, வெயிலடிச்சா ஓடுமா?"

"ஓடும்க்கா."

"வேற ஒண்ணும் வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"அடி பைத்தியக்காரி! வெயில் எங்க வாசல்லயும்தானே அடிக்குது? தலையத் தூக்கிப் பாத்தா மில் ஓடுதா இல்லையான்னு தெரிஞ்சிட்டுப் போகுது. இதை விட்டுட்டு எதுக்குடி இரும்பைத் தட்டி என் அடிவயித்தைக் கலக்குன?"

எனெலெசி வாளியைப் பிடித்தபடியே நின்றாள். கூரைமேல் அத்தனை பலகையை வைத்துக்கொண்டு, அவளுக்கே இது தோன்றவில்லை. தோன்றாது. பிறந்ததிலிருந்து காது வைத்துக் கேட்டே பழகியவள். எங்களில் யாருக்குத்தான் தோன்றியது? தோன்றியவள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தவள்.

அதற்கடுத்த வாரம், இலவசமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு காலையில் எனெலெசி மில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றைத் தாண்டி ஓர் ஆள், தலையில் வாளியோடு வருவது தெரிந்தது. லோசிட்டாலாதான், காசு கொடுத்து அரைக்க அக்கரையிலிருந்து வரும் முதல் ஆள். மாமரத்தடிப் பாறை பக்கம் வரும்போது வானம் மூடிக்கொண்டது. எனெலெசியின் கையில் துடைப்பம் நின்றுபோனது. திரும்பிவிடுவாள், நிச்சயம் திரும்பிவிடுவாள் என்று நினைத்தாள். அந்தப் பாறையை எனெலெசிக்குத் தெரியாதா?

லோசிட்டாலா வாளியை இறக்கிப் பாறைமேல் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

எனெலெசி துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவளிடம் ஓடினாள். "அக்கா, மேகம் போட்டிருச்சே. எவ்வளவு நேரம் ஆகுமோ..."

"ஆகட்டும்" என்றாள் லோசிட்டாலா, ஒரு கைப்பிடி கடலையை அவளிடம் நீட்டி. "வெயிலுக்குப் பெல்ட் அறுந்து நான் பாத்ததில்ல. உக்காரு."

எனெலெசி உட்கார்ந்தாள். கடலையை வாயில் போட்டதும் அழுகை வந்துவிட்டது. லோசிட்டாலா அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.