திட்டினாலும் ஒன்று கூடும்

பதவி உயர்வு நேர்காணலில் என் ஆராய்ச்சியை எடைபோட வந்த பேராசிரியர் அவர். தங்க ஃப்ரேம் கண்ணாடி, கசங்காத வெள்ளைச் சட்டை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் செல்போனைத் திறந்து, தன் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வார். நான் நீட்டிய கட்டுரையைப் புரட்டக்கூட இல்லை.

“இத எத்தன பேரு மேற்கோள் காட்டிருக்காங்க?”

“ரெண்டு பேரு சார். கொக்கிரகுளம் படித்துறைல ரெண்டு வருஷம் தண்ணி எடுத்துச் சோதிச்சேன். அங்கன ஆத்துத் தண்ணிய அப்படியே குடிக்கலாம்னு நீங்க எழுதுனது தப்புன்னு காட்டிருக்கேன்.”

முகம் சுருங்கும் என்று பார்த்தேன். மலர்ந்தது.

“அப்போ நீரும் என்னைய மேற்கோள் காட்டிருக்கீரு! என் கட்டுரைகள்லயே அந்த ஒண்ணுக்குத்தான் வே எண்ணிக்கை ஜாஸ்தி. எழுதுதவன் பூரா தப்புன்னுதான் எழுதுதான். திட்டுனாலும் ஒண்ணு கூடும்லா?”

என் தாளில் ‘மேற்கோள் போதாது’ என்று எழுதினார். பிறகு, ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயில் பிடித்து வைத்திருந்த டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டு, பையிலிருந்து சீல் பிரிக்காத பாட்டிலை எடுத்துத் திறந்து குடித்தார்.

எனக்கு மார்க் போடும் நாற்காலிக்கு, தப்பு என்று எழுதி எழுதியே அந்த ஆளை ஏற்றிவிட்டவர்களில் நானும் ஒருவன்.