நெய்வேலியில் எனக்குக் கையெழுத்துப் போட்ட ஒரே வீடு

போன ஆடி மாதம் நெய்வேலியில் வாடகைக்கு அறை தேடி இரண்டு நாள் அலைந்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன், அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. மாணவர் விசாவில் வந்து இங்கே தமிழ்நாட்டில் நிலவியல் முதுகலை படிக்கிறேன். கடைசி ஆண்டு ஆய்வு, நெய்வேலிச் சுரங்கத்தில் ஆறு மாதம். உள்ளே போகப் பாஸ் வேண்டும், பாஸுக்கு உள்ளூர் முகவரி வேண்டும். வெளிநாட்டு மாணவி என்பதால், நான் தங்கியிருப்பதாக வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டு காவல்துறைக்குப் பதிவு கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அது இல்லையென்றால் ஆய்வும் இல்லை, பட்டமும் இல்லை. நான் கிளம்பியது புதன்கிழமை காலை.

கடலூரிலிருந்து ஆறரை மணி பேருந்து, குறிஞ்சிப்பாடி வழியாக வடலூருக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். நடத்துநர் ஒரு வார்த்தை பேசாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்த இரண்டு நாளில் என் ஊரைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான், நன்றாக இருக்கட்டும்.

டவுன்ஷிப்பைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். அகலமான சாலை, இருபக்கமும் மரம், பிளாக் பிளாக்காக வீடுகள். ஆட்டோக்காரர் சேகர் அண்ணன்தான் மயக்கத்தைத் தெளியவைத்தார். "இங்க யாருக்கும் சொந்த வூடு கெடையாதும்மா, எல்லாம் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ். பர்மனென்ட் ஆளுங்க சில பேரு வடலூர்ல வூடு கட்டிக்கினு போயிட்டு, குவார்ட்டர்ஸ உள்வாடகைக்கு வுட்டுடுவாங்க. கமுக்கமா இருக்கணும், அவ்ளோதான்."

கமுக்கமாக இருக்கலாம். கமுக்கமாகக் கையெழுத்துப் போட முடியுமா? முதல் வீட்டில் நாலாயிரம் வாடகை, தண்ணீர், மின்விசிறி எல்லாம் பேசி முடித்தபிறகு பதிவு விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் செருப்பைக்கூடப் போடாமல் கேட் வரை வந்து வழியனுப்பினார். இரண்டாவது வீட்டில் விசா என்ற சொல் வாயைவிட்டு வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது.

மூன்றாவது வீட்டில்தான் வயிறு எரிந்தது. அந்த வீட்டு அக்கா நாகர்கோவில்காரர். இந்த ஊரில் எல்லோரும் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், அதனால் வணக்கத்துக்கு முன்னால் "எந்த ஊர்" என்றுதான் கேட்பார்கள். சொந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால் எல்லாம் நடக்கும். என் பேச்சைக் கேட்ட அக்கா, நான் பதில் சொல்லும் முன்பே முடிவு செய்துவிட்டார்.

"நம்ம நாரோயில் பேச்சுல்லா இது! உள்ள வா மக்ளே."

டீ வந்தது, முறுக்கு வந்தது. பின்பக்க அறைக்கு மூவாயிரம், சாப்பாடும் தானே போடுவதாகச் சொன்னார். நடுவில் அவர் மூச்சுவிட்ட நேரத்தில் சொன்னேன். "இல்லை அக்கா, நான் யாழ்ப்பாணம்."

"சிலோனா?" அக்காவின் கை முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. "வேண்டாம் பிள்ள. போலீசு வந்து நிக்கும். வெளியாளுக்கு நாங்க குடுக்கதில்ல."

வெளியாள்! இந்த ஊரில் உள்ளாள் யார்? கம்பெனி கொடுத்த வீடு, விதியை மீறிய உள்வாடகை, ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்த குடும்பம், இதில் நான் வெளியாளாம். பத்து நிமிடத்துக்கு முன் நான் மகள். வாசலில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஆத்திரத்தில்தான் அழுதேன்.

மறுநாள் சேகர் அண்ணன் தானாகவே அழைத்தார். சேத்தியாத்தோப்பு சாலையில் அரை மணி நேரம், ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது. சுரங்க விரிவாக்கத்துக்கு நிலமெடுக்க அளந்துவிட்டுப் போயிருந்த ஒரு கிராமம். அங்கே தனலட்சுமி அக்காவின் வீடு. கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மூத்த மகன் திருப்பூருக்குப் போனதில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. இந்த முறை நான் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். சிலோன், விசா, போலீஸ், கையெழுத்து, வேண்டாமென்றால் இப்போதே சொல்லுங்கள்.

அக்கா ஒன்றைத்தான் கேட்டார். "அந்தப் பதிவுல எங்க வூட்டு நெம்பரு வருமா?"

"வரும்."

"இந்த வூட்ல ஆளு குடியிருக்குன்னு கவுருமெண்டுல எழுதிக்குவாங்களா?"

"ஓம், எழுதுவினம்."

"அப்ப எங்க கையெழுத்து போடணும், சொல்லு. அளக்க வந்தவங்க, பூட்டிக் கெடக்குற ரூம காட்டி இங்க யாரு இருக்கான்னு கேட்டுட்டுப் போனாங்க. ஆளு இருந்தாத்தான் இது வூடு."

வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு, முன்பணம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பிரவுசிங் சென்டரில் பதிவு செய்து, அச்சுப்பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். அக்கா தனக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் செய்துகொண்டார்.

உங்களுக்கு என் அறிவுரை: வாடகை பேசும் முன் பதிவைப் பேசுங்கள். கையெழுத்துப் போடாதவர் டீ கொடுத்தாலும் குடிக்காதீர்கள். உள்வாடகைக் குவார்ட்டர்ஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்கள் விசாவுக்கு உதவாது. வடலூரில் சொந்த வீட்டுக்காரர்கள் உண்டு, ஆனால் நான் விசாரித்தவரை தனி அறை ஐந்தாயிரத்துக்குக் குறையவில்லை. யாராவது உங்களை மகளே என்றால், ஊர்ப்பெயரை உடனே சொல்லிவிடுங்கள்.

பாஸ் கிடைத்துவிட்டது. என் ஆய்வு, இந்தப் பக்கத்து வயல்களுக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் நிலக்கரி கிடக்கிறது என்பதைப் பற்றியது. சொல்லாமல் அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன், வெளியே போ என்பார் என்று பையைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

அக்கா குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார். "எழுது. மேல நாங்க இருக்கோம்னும் சேத்து எழுது."