செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் கப்பல்

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களுக்கெல்லாம் ஒரே ராட்டினக் கப்பல்தான் வருகிறது. தூத்துக்குடி மாதா கோவிலில் நீல நிறத்தில் ஆடும். மணப்பாட்டுக்கு வரும்போது முகப்பில் ஒரு சிலுவை வரைந்திருக்கும். குலசை தசராவுக்குள் உடம்பெல்லாம் சிவப்பாகி, சிலுவை இருந்த இடத்தில் சிங்க முகம் வந்துவிடும். பக்கவாட்டுத் தகரத்தில் உள்ள நெளிசலை வைத்து நான் அதே கப்பல்தான் என்று கண்டுகொள்வேன்.

கடற்கரைக்காரர்கள் நாங்கள் படகில் செருப்போடு ஏறமாட்டோம். அந்தப் பழக்கத்தில் இந்தக் கப்பலுக்கும் கீழேயே கழற்றிவிடுவோம். அதை ஓட்டுபவர் மதுரைப் பக்கத்துக்காரர். முதலில் சிரித்தார், பிறகு அவரே செருப்புக்கு ஒரு சாக்கு விரித்தார். அதற்குக் காவல் எப்போதும் நான்தான். எனக்கும் ஏற ஆசைதான், ஆனால் வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

இந்த வருஷம் மணப்பாட்டில் நாத்தனார் வழக்கம்போல், "மதினி, செருப்பப் பாத்துக்கிடுங்க" என்றாள். நான் என் செருப்பையும் கழற்றிச் சாக்கில் வைத்தேன்.

"ஏ, மதினியும் வாராவ! அப்ப செருப்ப யாரு பாக்கது?" என்று அவள் மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"நம்ம ஆளுவ கடலுக்குப் போகையில கரையில கெடக்க செருப்ப யாரு பாக்கா?" என்று கேட்டு ஏறி உட்கார்ந்தேன்.

"ஏளா, தல சுத்தும்" என்றபடி என் வீட்டுக்காரரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கப்பல் மேலே போனபோது கடல் முழுவதும் தெரிந்தது. வேகம் குறைந்ததும் ஓட்டுபவர் கீழிருந்து, "போதுமாக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரு ஆட்டு!" என்று கத்தினேன்.

"அண்ணாச்சி, என்ன மட்டும் எறக்கி விட்டுருங்க" என்றார் என் வீட்டுக்காரர்.