உயிரோடு இருந்தவருக்கு நட்ட கல்

1943ஆம் வருஷம் பங்குனி மாதம் தவசிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. பதினெட்டு நாளாகியும் இறங்கவில்லை. ஊரார் கூடிப் பேசி, பொங்கல் பானையும் சேவலுமாகக் கண்மாய்க்கரைக்குப் புறப்பட்டார்கள். அங்கே இருக்கும் பட்டாளத்துச் சாமியிடம் தவசியின் உயிரைக் கேட்டு வாங்கி வருவதாக ஏற்பாடு. அந்தப் பட்டாளத்துச் சாமி வேறு யாருமில்லை, இதே தவசிதான். கயிற்றுக் கட்டிலில் முனகிக்கொண்டு கிடக்கும் மனிதரைக் காப்பாற்றச் சொல்லி அவரிடமே போய்க் கும்பிடுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் பெண்சாதி மலையம்மாளுக்கு மட்டும் தோன்றியது.

"மதினி, நீங்களும் வாங்க. நீங்க வந்து வெளக்கேத்துனாத்தான் சாமி மனசு எறங்கும்" என்றான் பூசாரி மொக்கையன்.

"எம் புருசன் உள்ள கெடக்காரு. கல்ல எதுக்கு நான் கும்புடணும்?"

இருபத்து நாலு வருஷமாக அவள் சொல்லிவரும் பதில்தான் அது. ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூத்து தொடங்கியது முதல் உலகச் சண்டைக் காலத்தில். கல்லுப்பட்டிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் தவசி. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் பாஸ்ராவுக்குக் கப்பலேறிவிட்டார். 1917இல் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. கர்ணம் அதை மூன்று முறை வாசித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மலையம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயசு. பதினாறாம் நாள் தாலியைக் கழற்றினார்கள். உடம்பு கிடைக்காத சாவு என்பதால் கண்மாய்க்கரையில் ஒரு கல் நட்டார்கள். கல்தச்சன் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ கைஜாடையில் காட்டியதை வைத்து அவன் செதுக்கியதில், தவசி தோளில் உலக்கையைச் சாத்திக்கொண்டு நிற்பதுபோல் வந்துவிட்டது. அந்த வருஷம் கண்மாய் நிரம்பி மறுகால் போனது. அது போதாதா? கல் சாமியாகிவிட்டது.

1919இல் ஒரு மத்தியானம், தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தவசி ஊருக்குள் நடந்து வந்தார். கிணற்றடிப் பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கருமாதி முடிந்தவனை வாசல் வழியாக வீட்டுக்குள் விடலாமா என்று பெரியவர்கள் இரண்டு நாள் வாதாடினார்கள். அதுவரை அவர் வேப்பமரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்து சுருட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரைப் புதிதாகப் பிறந்த பிள்ளையாக எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அதே பெயரை மறுபடி வைத்தார்கள். பழைய ஓட்டையிலேயே காது குத்தினார்கள். மலையம்மாள் கழுத்தில் மறுபடி தாலி கட்டச் சொன்னார்கள். எல்லாம் சரி, கல்லை மட்டும் பிடுங்கக் கூடாது, கிடா வெட்டிய கல் என்று அப்போதைய பூசாரியான மொக்கையனின் அப்பன் ஒரே பிடியாக நின்றுவிட்டான்.

மலையம்மாளுக்கு அன்று பிடித்த குழப்பம் விடவேயில்லை. கல்லைக் கும்பிட்டால், வீட்டில் சோறு தின்கிறவர் செத்தவர் என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதைவிட எரிச்சல், தவசியே அதைக் கும்பிட்டார். தை பிறந்தால் முதல் ஆளாகப் போய்க் கல்லுக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார்.

"ஒங்களுக்கு நீங்களே சலாம் போடுறீகளே, வெக்கமா இல்ல?" என்பாள்.

அவர் சிரிப்பார்.

மற்றபடி அந்த மனிதரை எதில் குறை சொல்வது? இவர்களுக்குப் பிள்ளையில்லை. பேதி கண்டு தம்பியும் தம்பி பெண்சாதியும் ஒரே வாரத்தில் போனபோது, அவர்களுடைய மூன்று பெண் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்றையும் வரிசையாக உட்காரவைத்துப் பட்டாளத்துக் கணக்காகப் பேன் பார்ப்பார். வளர்த்து ஆளாக்கி மூன்றுக்கும் கல்யாணம் பண்ணிவைத்தார். கண்மாயில் வண்டல் மேடிட்டால் விடியற்காலை விசில் ஊதுவார். ஊர் ஆம்பளைகள் திட்டிக்கொண்டே மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். வராதவன் வீட்டு வாசலில் போய் நின்று ஊதுவார். அந்த விசிலுக்குப் பயந்தே மடை பழுதில்லாமல் இருந்தது.

இரண்டாம் சண்டை வந்ததும் ஊரிலிருந்து ஒன்பது பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். தந்தி என்று யார் வந்து நின்றாலும் தவசி குறுக்கே விழுந்து மறிப்பார். "யாரும் தாலியத் தொடாதீக. நான் மதுரைக்குப் போய் விசாரிச்சுட்டு வாரேன்." திருமங்கலம் வரைக்கும் நடந்து, அங்கே ரயிலேறுவார். இரண்டு தடவை போய், செத்தது நிஜந்தான் என்று தெரிந்துகொண்டு தலையைத் தொங்கப் போட்டபடி திரும்பினார். மூன்றாவது தந்தி சோலையம்மாளுக்கு வந்தது. அவள் புருஷன் சின்னக்கருப்பன் மலேயாவில் இருந்தான். "காணலைன்னுதான் போட்ருக்கான், செத்தான்னு போடல" என்று மதுரைக்குப் போய்த் திரும்பிய தவசி அடித்துச் சொன்னார். அதை நம்பி அவள் தாலியோடு இருந்தாள்.

அந்தச் சோலையம்மாள்தான் இப்போது கதவைத் தட்டினாள்.

"அத்தே, எனக்காக மாமா அம்புட்டுத் தூரம் நடந்தாரு. அவருக்காக நீங்க கண்மாய்க்கரை வரைக்கும் நடக்க மாட்டீகளா?"

மலையம்மாளுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கும்பிட்டால் தன் வாயாலே அவரைச் சாகடித்ததாகுமோ? கும்பிடாமல் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி யாருக்கு? கடைசியில் கட்டிலருகில் போய் அவரிடமே கேட்டாள்.

"நான் போய்க் கும்புடவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

தவசி அவள் பக்கம் தலையைத் திருப்பினார்.

"கும்புடு புள்ள. அது நான் இல்ல."

"பின்ன?"

"எங்க கம்பெனியில இன்னொரு தவசி இருந்தான். ஒத்தக்கடை ஊர்க்காரன். நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அவன் குண்டுபட்டுப் போய்ட்டான். விலாசத்த மாத்தி எழுதி, அவன் சாவுக் காகிதம் நம்ம வீட்டுக்கு வந்துருச்சு. திரும்பி வந்த வருசம் அவன் ஆத்தாளப் பாக்கப் போனேன். தங்கப்பொண்ணுன்னு பேரு. வாசல்ல முருங்கைக்கீர ஆய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. 'ஏப்பா, எம் மகன் எப்ப வாரான்?'னு கேட்டுச்சு. எனக்கு வாய் வரல. 'வாரான் ஆத்தா'ன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்."

"ஊருக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"வேத்தூர்க்காரன் கல்லுன்னா பிடுங்கிப் போட்ருவாக. அவனுக்கு இருக்கிறது அந்த ஒரு கல்லுதான்."

மலையம்மாளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இருபத்து நாலு வருஷம் யாரோடு சண்டை பிடித்தாள்? யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளையோடு. பிறகு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்கு நடந்தாள். ஊரே விலகி வழிவிட்டது.

விளக்கை ஏற்றிவிட்டாள். கேட்கத்தான் வரவில்லை. இந்தப் பையன் ஒருதடவை தன் சாவை அவர் பெயரில் எழுதவிட்டுப் படுத்திருக்கிறான். அவனிடமே போய், இன்னொரு தடவையும் அவருக்குப் பதிலாக நில் என்று எந்த முகத்தோடு கேட்பது? "தம்பி, நல்லா இருப்பா" என்றாள். செத்தவனுக்குச் சொல்கிற வார்த்தையா அது? வேறெதுவும் வாயில் வராமல் திரும்பிவிட்டாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் தவசி இறந்துபோனார். உயிரைக் கொடு என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ என்ற எண்ணம் அவளைப் பிறகு ஒருநாளும் விட்டதில்லை. தாலியை இரண்டாம் முறை கழற்றியபோது சுற்றியிருந்த பெண்கள்தான் அழுதார்கள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை. அவருக்கான அழுகையை அவள் பத்தொன்பது வயசிலேயே அழுது தீர்த்திருந்தாள், அதுவும் வேறொருவனுக்காக.

கருமாதியன்று, "அவுகளுக்கு ஒரு கல்லு வைக்கணும்" என்றாள்.

"என்ன மதினி, கல்லுதான் இருக்கே. ஒரு ஆளுக்கு ரெண்டு கல்லா?" என்றான் மொக்கையன்.

சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அடுத்த தையில் அவள்தான் முதல் ஆளாகக் கண்மாய்க்கரைக்குப் போனாள். கல்லுக்கு முன்னால் இரண்டு இலை போட்டுப் பொங்கல் வைத்தாள். எது யாருடைய இலை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. உலக்கையைச் சாத்திக்கொண்டு நிற்கும் உருவம் பார்க்கப் பார்க்க அவரைப் போலவே இருந்தது. மூக்குக்கூட அவர் மூக்குத்தான். ஒத்தக்கடைக்காரன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அவன் அம்மா இன்னும் இருக்கிறாளா என்றும் நினைத்தாள்.

சோலையம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்துத் தாலியை விரலால் நெருடிக்கொண்டே கேட்டாள்.

"அத்தே, மாமா செத்துட்டாருன்னு காகிதம் வந்தும் முழுசாத் திரும்பி வந்தாருல்ல? அப்ப எங்க வீட்டு ஆளும் வருவாருதானே?"

மலையம்மாள் இரண்டு இலைகளையும் பார்த்தாள். காகிதம் பொய்யில்லை, அதில் ஒருத்தன் செத்துத்தான் இருந்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் நினைத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள்.

"வாரான் ஆத்தா" என்றாள்.